பாலம் ஏறும்போது மட்டும் வந்த சத்தம்: ஒரு பெட்ரோல் காரின் நாக்கிங் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

வண்டி 2014 மாடல் ஹேட்ச்பேக். 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். ஓட்டம் 70,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் இடையில் கடலைப் பார்த்த வீடு. ஷெட் கிடையாது, வாசலில் பூவரச மரத்தடியில்தான் வண்டி நிற்கும். வாங்கிக் கொடுத்த மகன் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். ஓட்டுபவர் அவருடைய தகப்பனார், வயது எழுபதை நெருங்குகிறது. வாரம் ஒருமுறை ராமநாதபுரம் ஆஸ்பத்திரி, இடையிடையே கடைத்தெரு, எப்போதாவது தங்கச்சிமடத்தில் இருக்கும் மகள் வீடு. மற்ற நாளெல்லாம் வண்டி உப்புக்காற்று வாங்கிக்கொண்டு சும்மா நிற்கும்.

இந்த மாவட்டத்தில் மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ரயில்வே மேம்பாலங்களை விட்டால், எஞ்சின் உண்மையாகவே சுமை இழுக்க வேண்டிய இடம் பாம்பன் சாலைப் பாலம்தான். 1988இல் திறந்த அந்தப் பாலம் இரண்டே கால் கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளம். அடியில் படகுகள் போக வேண்டும் என்பதற்காக நடுவில் நன்றாக உயர்ந்திருக்கும். அதனால் சுமையில் மட்டும் தெரியும் கோளாறுகள் ராமநாதபுரத்து வண்டிகளில் முதலில் தலைகாட்டுவது பெரும்பாலும் அங்கேதான். சமவெளியில் மாதக்கணக்காக ஒளிந்தே இருக்கும்.

இந்த வண்டியின் நாக்கிங்கும், அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவை தானாக வெடித்து எழுப்பும் சத்தமும், அப்படித்தான். கத்திரி வெயிலில், நடுப்பகலில், ஐந்து பேரோடு ஏசி போட்டுக்கொண்டு மண்டபம் பக்கமிருந்து ஏறும்போது முதன்முதலில் சத்தம் கேட்டது. பாலத்தின் இணைப்புகள் மேல் டயர் ஏறுகிற சத்தம் என்று வீட்டார் விட்டுவிட்டார்கள். இரவு திரும்பி வரும்போது கேட்கவில்லை. வெயில் இல்லை, ஆளும் குறைவு என்பதை அப்போது யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

எங்களிடம் வரும் முன்பு

சத்தம் அடிக்கடி வரத் தொடங்கியதும் உள்ளூர் மெக்கானிக் ஒருவர் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். தீப்பொறி தாவும் இடைவெளி அதிகமாகியிருந்தது. நான்கையும் மாற்றினார். கூடவே பிரீமியம் பெட்ரோல் போடச் சொன்னார். அதே வாரம் கோடை மழையும் பெய்து வெயில் தணிந்தது. சத்தம் குறைந்தது. பிளக்கினாலா, பெட்ரோலினாலா, மழையினாலா என்று சொல்ல வழியில்லை. மூன்றும் ஒன்றாக நடந்ததால் கிடைத்திருக்க வேண்டிய துப்பு கிடைக்காமல் போனது.

ஆடி மாதத்தில் சத்தம் திரும்பி வந்தது. இந்தத் தடவை மிஸ்ஸிங்கும், அதாவது ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் எஞ்சின் தடுமாறுவதும், சேர்ந்துகொண்டது. பிக்கப் விழுந்தது, எஞ்சின் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. இன்னொரு பட்டறையில் பானெட்டைத் திறந்து கேட்டுவிட்டு, பிஸ்டனை கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும் என்றார்கள். சொன்ன தொகை 55,000 ரூபாய். அதன் பிறகுதான் பெரியவரும் அவருடைய மருமகனும் ராமநாதபுரத்தில் எங்கள் பட்டறைக்கு வந்தார்கள்.

மருமகனுக்கு எஞ்சினை இறக்கிவிடலாம் என்ற எண்ணம். "மாமா, ஒரே தடவையா செலவைப் பண்ணி முடிச்சிருவோம்" என்றார். பெரியவர் தயங்கினார். "ஆக்சிலேட்டர்ல காலை வச்சா சத்தம் வருது தம்பி, எடுத்தா நிக்குது. பேரிங் போயிருந்தா காலை எடுத்தாலும் அடிக்கணும்ல?" என்று எங்களிடம் கேட்டார். எங்களுக்குக் கிடைத்த முதல் நல்ல துப்பு அதுதான். ஓட்டுபவர் சொல்வதை முழுதாகக் கேட்காமல் பானெட்டைத் திறப்பது எங்கள் தொழிலில் பரவலாக இருக்கும் ஒரு கெட்ட பழக்கம்.

பேரிங்கா, வேறா

பெரியவர் சொன்னதை மட்டும் வைத்து ராடு பேரிங்கை ஒதுக்கிவிட முடியாது. தேய்ந்த பேரிங்கும் சுமையில் கூடுதலாகத்தான் அடிக்கும். ஆனால் அது கீழே, ஆயில் சம்ப் பக்கமிருந்து, கனத்த 'டொக் டொக்' என்று வரும். நியூட்ரலில் ரேஸ் கொடுத்துச் சட்டென்று விடும்போதும் காட்டிக்கொடுக்கும். வால்வுகளை இயக்கும் டேப்பெட்டின் சத்தம் மேலே, ஹெட்டில் கேட்கும், சன்னமாக இருக்கும், சுமையைப் பொருட்படுத்தாது. பிஸ்டன் தளர்ந்த சத்தம் குளிர்ந்த எஞ்சினில் வந்து, சூடானதும் அடங்கும்.

இந்த வண்டி நின்ற இடத்தில் ரேஸ் கொடுத்தபோது மிஸ்ஸிங் தவிர வேறு சத்தமே இல்லை. குளிரிலும் இல்லை, சூட்டிலும் இல்லை. ஆயில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்ததில் சூடான நிலையிலும் அளவு சரியாக இருந்தது. ஆயிலை வெள்ளைத் தட்டில் கொஞ்சம் இறக்கி வெயிலில் சாய்த்துப் பார்த்தோம். பேரிங் உலோகத்தின் மினுமினுப்பு எதுவும் இல்லை. பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் காயில்களின் இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினோம், எந்த சிலிண்டரை நிறுத்தியபோதும் அடிப்பகுதிச் சத்தத்தில் மாற்றம் தெரியவில்லை. எஞ்சினை இறக்கும் பேச்சு அத்தோடு முடிந்தது.

ஸ்கேனரில் P0303 கோடு நின்றது. மூன்றாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர். அடுத்து பிளக்குகள்.

பிளக்குகளில் தெரிந்தவை

மூன்றாவது காயிலை எடுத்ததுமே பிளக் குழியின் அடியில் துருவும் வெள்ளை உப்பும் படிந்திருந்தன. தனுஷ்கோடி போய் வந்தால் வண்டியைக் கழுவுவது இங்கே எல்லோருக்கும் பழக்கம், நல்ல பழக்கமும்கூட. ஆனால் இந்த வீட்டில் பானெட்டையும் திறந்துவைத்து பிரஷர் பம்பில் எஞ்சின் மேலேயே தண்ணீர் அடித்திருக்கிறார்கள். குழிக்குள் போன தண்ணீருக்கு வெளியேற வழி கிடையாது.

காற்றடித்துக் குழிகளைச் சுத்தம் செய்தோம். அப்படிச் செய்யாமல் பிளக்கைக் கழற்றினால் மண்ணும் துருவும் நேராக சிலிண்டருக்குள் போகும். துருநீக்கி எண்ணெய் விட்டு ஊறவைத்து, எஞ்சின் முழுதும் ஆறிய பிறகு, கால் சுற்று அவிழ்த்து, கொஞ்சம் திரும்ப இறுக்கி, மறுபடி அவிழ்த்து எடுத்தோம். அலுமினிய ஹெட்டில் மரை போய்விட்டால் அதுவே தனிச் செலவு. ஒன்று, இரண்டு, நான்கு அப்படி மல்லுக்கட்டித்தான் வந்தன. மூன்றாவது மட்டும் கையைக் கொஞ்சம் அழுத்தியதுமே சுழன்றது. அதன் வாஷர் சரியாக நசுங்கவே இல்லை. துருவைப் பார்த்துப் பயந்து, மாட்டியவர் பாதியில் விட்டிருக்க வேண்டும்.

அட்டையில் நான்கு ஓட்டை போட்டு, எண் எழுதி, வரிசையாக நிறுத்தினோம். முதல் இரண்டும் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தன. நான்காவதின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போல் கறுப்புப் புள்ளிகள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் சில புள்ளிகள் பளபளத்தன. மூன்றாவதில் பீங்கான் மூக்கு பாதி உடைந்து காணாமல் போயிருந்தது. தரை எலெக்ட்ரோடின் ஓரத்தில் கடுகை விடச் சிறிய அலுமினிய மணிகள் ஒட்டியிருந்தன. அந்த அலுமினியம் பிஸ்டனிலிருந்துதான் வந்திருக்க முடியும்.

இடைவெளி சரிசெய்யும்போது நடு எலெக்ட்ரோடை நெம்பினாலும் பீங்கான் விரியும். பிளக்கைக் கீழே போட்டாலும் விரியும். உடைந்த பீங்கானை மட்டும் வைத்து நாக்கிங் என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. இங்கே அலுமினிய மணிகளும், பக்கத்து பிளக்கின் புள்ளிகளும் சேர்ந்திருந்ததால்தான் சந்தேகம் தீர்ந்தது. தீப்பொறி பற்றவைத்த பிறகு, மூலையில் இன்னும் எரியாமல் இருக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாக வெடிக்கிறது. அந்த அதிர்வுதான் காதில் விழும் சத்தம். பீங்கானை உடைப்பதும் பிஸ்டன் விளிம்பைக் கொறிப்பதும் அதுவே.

இன்னொன்றும் இருந்தது. மாட்டியிருந்த பிளக் வேறு பிராண்ட், தயாரிப்பாளர் சொன்னதை விட ஒரு படி சூடான ரகம், அதாவது முனையின் சூட்டை மெதுவாக வெளியேற்றும் ரகம். என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் கூடக் கூட பிளக் குளிர்ந்த ரகம். போஷ், சாம்பியன் பிளக்குகளில் எண் கூடக் கூட சூடான ரகம். இரண்டும் நேர் எதிர். கேட்ட எண் கடையில் இல்லாதபோது, ஒரு எண் கூடுதலாக இருப்பது குளிர்ச்சியாகத்தான் இருக்கும் என்று நினைத்து வேறு பிராண்டில் எடுத்துவந்திருக்கிறார்கள். உப்புக்கரையில் வேகமாகப் பழுதாகும் பிளக்குக்கு அடுத்த தெருக் கடையில் கிடைத்ததை மாட்டுவது நடக்கிற காரியம்தான். ஆனால் பிராண்ட் மாறும்போது பொருத்த அட்டவணையைப் பார்க்காமல் எண்ணை மட்டும் ஒப்பிடுவது ஆபத்து.

பிளக்கின் முனை சுமார் 450 டிகிரிக்குக் கீழே இருந்தால் கரி எரியாமல் படியும். 800ஐத் தாண்டிப் போனால் தீப்பொறிக்கு முன்பே அதுவே பற்றவைக்கத் தொடங்கும். முனையின் சூடு பெரும்பாலும் மரை வழியாகவும் வாஷர் வழியாகவும் ஹெட்டுக்குப் போய், அங்கிருந்து கூலன்டுக்குப் போகிறது. மூன்றாம் பிளக்கில் ரகமும் சூடு, இருக்கையும் தளர்வு. அடுத்த கேள்வி, ஹெட்டுக்கு வந்த சூடு தண்ணீரில் இறங்குகிறதா என்பது.

பிளக் ஓட்டைகள் வழியாக கேமரா விட்டு உள்ளே பார்த்தோம். மூன்றாம் பிஸ்டனின் விளிம்பில் சிறு கொறிப்பு, மேலே மிதமான கரி. சிலிண்டர் சுவரில் கோடு இல்லை, வால்வுகள் மூடும் இடம் சுத்தம். உடைந்த பீங்கான் துண்டு உள்ளே இல்லை. எக்ஸாஸ்ட் வழியாகப் போயிருக்க வேண்டும். கம்ப்ரஷன் மூன்றாவதில் 160 பிஎஸ்ஐ, மற்றவற்றில் 165 முதல் 172 வரை. எஞ்சின் பிழைத்திருந்தது.

முதல் முடிவு: பிளக் மட்டும்

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. முன்பு நடந்த குழப்பமே அதனால்தான். தயாரிப்பாளர் சொன்ன எண்ணில் நான்கு பிளக் வாங்கி, இடைவெளி சரிபார்த்து, டார்க் ரெஞ்சில் 25 நியூட்டன் மீட்டரில் மாட்டினோம். 14 மில்லிமீட்டர் மரை, வாஷர் வைத்த பிளக், அலுமினிய ஹெட் என்றால் 25 முதல் 30 வரை போதும். ரெஞ்ச் இல்லாதவர்கள் கையால் முழுக்க இறுக்கிவிட்டு, புது வாஷராக இருந்தால் அரைச் சுற்று கூடுதலாகத் திருப்பலாம்.

மிஸ்ஸிங் போய்விட்டது. அப்புறம் ஸ்கேனரை மாட்டியபடியே, பெரியவரையே ஓட்டச் சொல்லி, நடுப்பகலில் பாலத்துக்குப் போனோம்.

பாலத்தில்

இந்த வண்டியில் வெப்ப முள் கிடையாது. சூடு மீறினால் எரியும் சிவப்பு விளக்கு மட்டும்தான். ராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி தாண்டும்போது ஸ்கேனரில் கூலன்ட் 98 டிகிரி. மண்டபம் தாண்டிப் பாலம் ஏறத் தொடங்கியதும் 104, உச்சிக்கு முன்பு 109. சில்லறையைத் தகர உண்டியலில் போட்டுக் குலுக்கினாற்போல் அந்தச் சத்தம் வந்துவிட்டது. சிவப்பு விளக்கு எரியவே இல்லை.

பெரியவர் ஐந்தாம் கியரில், நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தார். டாப் கியரில் போனால்தான் மைலேஜ் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. சமவெளியில் அது சரி. ஏற்றத்தில் எஞ்சின் மெதுவாகச் சுற்றிக்கொண்டு முழுச் சுமையையும் இழுக்கும்போது, கலவைக்குத் தானாக வெடிக்க நேரம் நிறையக் கிடைக்கிறது. மூன்றாம் கியருக்கு இறக்கச் சொன்னோம். சத்தம் குறைந்தது, போகவில்லை.

நாக் சென்சார் வேலை செய்கிறதா என்பதற்கும் அங்கேயே பதில் கிடைத்தது. சத்தம் வரும்போதெல்லாம் ஸ்கேனரில் இக்னிஷன் டைமிங் பின்னுக்கு இழுக்கப்பட்டது, அதாவது தீப்பொறி சற்றுத் தாமதமாக விடப்பட்டது. சென்சார் கேட்கிறது, கம்ப்யூட்டர் தன்னாலானதைச் செய்கிறது. அதையும் மீறி உள்ளே சூடு இருக்கிறது.

பாம்பன் பக்கம் இறங்கி, எஞ்சின் ஆறும்வரை நிழலில் உட்கார்ந்தோம். திரும்பும்போது ஏசியை அணைத்து, அதே ஆட்களோடு ஏறினோம். 96 டிகிரி. சத்தம் இல்லை என்றே சொல்லலாம். நாக்கிங்கை உண்டாக்குவது சூடு என்பதில் அதற்கு மேல் சந்தேகம் இல்லை.

ரேடியேட்டரும் டிக்கியில் இருந்த கேனும்

ஃபேன் சரியாகச் சுற்றியது. முன்பக்க கிரில்லைக் கழற்றியபோது ரேடியேட்டரின் கீழ்ப்பகுதியில் அலுமினியத் தகடுகள் வெள்ளைப் பொடியாகியிருந்தன. நகத்தால் தொட்டால் உதிர்ந்தது. கடலோரத்தில் பல வருடம் நின்ற வண்டியில் இது வழக்கம். குழாய்கள் நல்ல நிலையில் இருக்கும், ஒழுகாது. ஆனால் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கும் தகடுகளே இருக்காது. ஒழுகாததால் யாரும் மாற்ற மாட்டார்கள். மேற்பரப்பை வெப்பமானியால் பார்த்ததில் ஒரு பக்கம் குளிர்ந்தே கிடந்தது, அதாவது உள்ளேயும் அடைப்பு.

எஞ்சின் ஆறிய பிறகு மூடியைத் திறந்தோம். உள்ளே கூலன்டின் நிறமே இல்லை, செம்பழுப்புத் தண்ணீர்தான். மூடியின் அடியில் கெட்டியான வெள்ளைப் படிவு. டிக்கியில் ஐந்து லிட்டர் கேன் ஒன்று இருந்தது. "வீட்டு போர் தண்ணிதான் தம்பி. காவிரித் தண்ணியை வண்டிக்கு ஊத்த மனசு வருமா?" என்றார் பெரியவர். இந்த ஊரில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டம். குடிக்க வருகிற தண்ணீரைக் குடத்தில் எண்ணிப் பிடிக்கும் வீட்டில் அதை ரேடியேட்டருக்கு ஊற்றச் சொல்ல எங்களுக்கும் வாய் வரவில்லை.

ஆர்ஓ இயந்திரத்துக்காக மருமகன் வாங்கி வைத்திருந்த, தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை அந்தக் கேனுக்குள் விட்டோம். 2,600க்கு மேல் காட்டியது. குடிநீருக்கே இந்தியத் தரநிலையில் விரும்பத்தக்க அளவு 500, வேறு வழியில்லை என்றால் 2,000 வரை. அந்தத் தண்ணீர் கொதித்துக் கொதித்து எஞ்சினுக்குள் விட்டுச்செல்லும் சுண்ணாம்புப் படிவு, உலோகத்தோடு ஒப்பிட்டால் வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்தும். அதிலுள்ள குளோரைடு அலுமினியத்தை உள்ளிருந்தே அரிக்கும். வெளியே உப்புக்காற்று, உள்ளே உப்புத்தண்ணீர்.

பெட்ரோல் பற்றி

மருமகன் முதலிலிருந்தே எத்தனால் கலந்த பெட்ரோலைத்தான் சந்தேகப்பட்டார். இப்போது எந்த வண்டிக்கு எது வந்தாலும் எல்லோரும் அதையே சொல்கிறார்கள். பழைய வண்டிகளில் ரப்பர் ஹோஸ், சீல், மைலேஜ் பற்றிய கவலைக்கு அர்த்தம் உண்டு. நாக்கிங்குக்கு எத்தனால் மேல் பழி போடுவது தலைகீழ். எத்தனால் ஆக்டேனை, அதாவது தானாக வெடிக்காமல் தாங்கும் திறனை, கூட்டும். ஒரே ஒரு விதிவிலக்கு, டேங்கில் தண்ணீர் புகுந்து எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் பிரிந்துவிட்டால், மேலே மிஞ்சும் பெட்ரோலின் ஆக்டேன் குறையும். அதனால் டேங்கிலிருந்து எடுத்து கண்ணாடிப் பாட்டிலில் ஒரு இரவு வைத்தோம். பிரியவில்லை. பெட்ரோல் பக்கம் அதற்கு மேல் போகவில்லை.

செய்த வேலை

ஹெட் கேஸ்கட் போயிருக்கிறதா என்பதை முதலில் பார்த்தோம், கூலன்டில் சிலிண்டரின் எரிந்த வாயு கலக்கிறதா என்ற சோதனை வழியாக. கலக்கவில்லை. ரேடியேட்டரை ராடிங் போட்டு, அதாவது குழாய்களுக்குள் கம்பி விட்டு, சுத்தம் செய்யலாமா என்று மருமகன் கேட்டார். குழாய் சுத்தமாகும், உதிர்ந்த தகடு திரும்பி வராது. புதிதாக மாற்றினோம். சூடு ஏறியதும் கூலன்டுக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட்டைப் பாத்திரத்துத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்து, வெப்பமானியோடு பார்த்தோம்; தாமதமாகவும் அரைகுறையாகவும் திறந்தது, அதையும் மாற்றினோம். எஞ்சினுக்குள் படிந்ததைக் கரைக்க ஆசிட் ஊற்றுவது சில பட்டறைகளில் வழக்கம். அலுமினியத்தில் அதைச் செய்ய நாங்கள் விரும்பவில்லை. கூலன்ட் வழிகளுக்கென்று விற்கும் மிதமான கரைப்பானை விட்டு, ஓடவிட்டு, தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசினோம். கடைசியில் கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி.

மொத்தச் செலவு, எஞ்சினை இறக்கச் சொன்ன தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

பிறகு

அதே பாலம், அதே நேரம், ஏசி போட்டு ஐந்து பேர். உச்சியில் 95 டிகிரி. மூன்றாம் கியரில் சத்தம் சுத்தமாக இல்லை. ஐந்தாம் கியரில் பிடிவாதமாக மிதித்தால் ஒரு நொடி லேசாகக் கேட்டு, டைமிங் பின்னுக்கு வந்ததும் அடங்குகிறது. அந்தக் கியரில் ஏற்றத்தில் அது எதிர்பார்க்கக்கூடியது. பெரியவர் இப்போது மண்டபம் தாண்டியதும் கியரை இறக்கிவிடுகிறார். மைலேஜ் குறைந்ததாக அவர் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் கட்டாயம் எங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்த ஆயில் சர்வீசில் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தோம். நான்கும் வெளிர் பழுப்பு. மூன்றாவதில் புதிய அலுமினியப் புள்ளி இல்லை. குழிகளும் உலர்ந்திருந்தன.

பட்டறையில் மாறியவை

நாக்கிங் என்று வரும் வண்டிக்கு பிளக்கைத் தொடும் முன்பே ஸ்கேனரில் கூலன்ட் வெப்பம் பார்க்கிறோம். கடைசியாக என்ன தண்ணீர் ஊற்றினீர்கள் என்று கேட்கிறோம். டிடிஎஸ் மீட்டர் ஒன்று இப்போது டூல்ஸ் பெட்டியிலேயே கிடக்கிறது. சுத்தமான தண்ணீரில் கலந்த கூலன்டும் மீட்டரில் எகிறும், அதனால் அளப்பது வாடிக்கையாளர் ஊற்றும் தண்ணீரை மட்டும்தான், ரேடியேட்டருக்குள் இருப்பதை அல்ல. டாப்-அப் செய்ய, கலந்த கூலன்டை ஒரு லிட்டர் பாட்டிலில் கொடுத்தனுப்புகிறோம். காவிரித் தண்ணீரா போர் தண்ணீரா என்ற கேள்வியே வீட்டில் எழ வேண்டாம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வரும் கடற்கரை வண்டிகளுக்கு ரேடியேட்டர் தகடுகளை அழுத்தமில்லாத தண்ணீரில் பின்பக்கமிருந்து அலசிவிடுகிறோம். பானெட்டுக்குள் பிரஷர் பம்ப் கூடாது என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறோம், பாதிப் பேர் கேட்கிறார்கள்.

மூன்றாம் பிஸ்டனின் கொறிப்பு அப்படியேதான் இருக்கிறது. ஒவ்வொரு சர்வீசிலும் அந்த சிலிண்டரின் கம்ப்ரஷனை அளந்து பில்லின் பின்பக்கம் குறித்துக் கொடுக்கிறோம். 150க்குக் கீழே இறங்கினால் ஹெட்டைத் திறப்பது என்று பெரியவரோடும், போனில் அவருடைய மகனோடும் பேசிவைத்திருக்கிறோம். கடைசியாக அளந்தபோது 158.